நாவலில் நான் வாசிக்காமல் விட்ட பாதி

தம்பி,

பொங்கலுக்கு வந்தபோது நீ கொடுத்துவிட்டுப் போன நாவல் எப்படி இருக்கிறது என்று போன் பேசும்போதெல்லாம் கேட்கிறாய். "நல்லாருக்குப்பா, அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பேச்சை உன் மகளின் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிடுகிறேன். நீயும் அதோடு விட்டுவிடுகிறாய். போனில் சொல்ல முடியாததால்தான் அம்மா இதை எழுத உட்கார்ந்தேன். நாவலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. உன்னைப் பற்றியும் கொஞ்சம் வரும். கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

நீ அந்த நாவலைப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அட்டையில் வயதான இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பார்த்து வாங்கியிருப்பாய். "அப்பாவுக்குப் பொழுது போகும், வாசிச்சுக் காட்டும்மா" என்று கொடுத்தாய். சர்க்கரை வியாதி அப்பாவின் கண்ணைத் தின்ற பிறகு அவருக்கு ஆள் தெரிகிறது, பொருள் தெரிகிறது, எழுத்து மட்டும் தெரிவதில்லை. அதனால் மதியம் ரசஞ்சோறு சாப்பிட்டு அவர் கட்டிலில் சாய்ந்ததும் நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பேன். சாக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்த வாய் அல்லவா, எனக்கு வேறு மாதிரி வாசிக்க வராது. "டீச்சர், ரெண்டாங் கிளாஸ் பிள்ளைகளுக்கு நடத்துற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசிக்காத. எனக்கு வெளங்குது" என்பார் அப்பா. நடுவில் மின்சாரம் போய் ஃபேன் நின்றால், படுத்தபடியே காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, "இது நம்ம தெரு மட்டுமில்ல, ஊருக்கே கரண்ட் வர்ற ஃபீடர் போயிருக்கு. வர நேரமாகும். நீ வாசி" என்பார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவருக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய தெளிவு வந்துவிடும். அதற்காகவே சில நாள் மின்சாரம் போகட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

கதை இதுதான். சிவானந்தம் என்று ஒருவர், ஒரு சின்ன ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கோமதி. பிள்ளைகள் வெளியூரில். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் வண்டி வரும் நேரம் பார்த்தாரே தவிர மனைவி முகம் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இவள் இப்படிச் சிரிப்பாளா, இந்தப் பாட்டெல்லாம் இவளுக்குத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். வயதான பிறகு ஒரு மனிதனுக்குத் தன் மனைவி மேலேயே காதல் வருகிறது. அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. வேகமாக வாசித்தேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார். "அந்த எடத்தை மட்டும் என்ன எக்ஸ்பிரஸ் மாதிரி ஓட்டுறே?" என்றார்.

பிறகு கோமதிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. சிவானந்தம் அவளுக்குத் தலைவாரி விடுகிறார். உச்சியிலிருந்து சீப்பை இழுக்கிறார், அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தது. அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "மடப்பய. நுனியில இருந்துல்ல சிக்கெடுக்கணும். உச்சியில இருந்து இழுத்தா கொத்தா வந்துரும்." உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து எனக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்த நாட்களில் அப்பாதான் காலையில் எனக்குச் சடை பின்னி விட்டுவிட்டு வேலைக்குப் போவார். கம்பியை முறுக்கிக் கட்டுகிற கை அல்லவா, பின்னல் இறுகிப் பிடித்திருக்கும். சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. நாங்கள் இரண்டு பேரும் அதை மறந்தே போயிருந்தோம். அந்த நாவல்தான் எடுத்துக் கொடுத்தது.

நாவலில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சிவானந்தத்துக்குக் கோபமே வருவதில்லை. மனைவிக்கு எல்லாம் செய்கிறார், ஒரு நாளும் முகம் சுளிப்பதில்லை. எழுதியவர் நோயாளியைப் பார்த்திருக்கலாம். நோயாளியோடு ஒரே வீட்டில் மாதக்கணக்கில் இருந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. ஒரு நாள் காலையில் அப்பா படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டார். அப்போதுதான் துவைத்துக் காயவைத்து விரித்த விரிப்பு. எனக்கு இடுப்பு வலி வேறு. "ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா? நான் என்ன மனுசியா மெஷினா?" என்று கத்திவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தெரியல புள்ள. மன்னிச்சுக்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் மன்னிப்பு என்ற சொல்லையே சொல்லாத மனிதர் அதற்குப் போய்ச் சொன்னார். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு விரிப்பை அலசினேன். அன்றைக்கு நாவல் வாசிக்கவில்லை. இப்படி ஒரு பக்கம் அந்த நாவலில் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி, பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது மதுரைக்குப் போய்வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், அப்பா திரைக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது நம்மை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது, அறுத்துப் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், சில மாதங்கள். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாய். "அம்மா, அப்பாகிட்டச் சொல்ல வேணாம். தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாக. தெரியாம இருந்தா இருக்கிற வரைக்கும் சந்தோசமா இருப்பாக." நான் தலையாட்டினேன். நீ சொன்னதற்காக ஆட்டினேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. காரில் ஏறியதும் கணையத்தில் வீக்கம், மாத்திரையில் குறைந்துவிடும் என்று நீ சொன்னாய். "வீக்கந்தானா? நான் என்னமோன்னு பயந்து கெடந்தேன்" என்று அப்பா சிரித்தார். திருப்பத்தூர் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, அந்த முக்குக் கடையில் வடை வேண்டும் என்றார். நீ ஓடிப் போய் வாங்கி வந்தாய். அவர் தின்றதைப் பார்த்துக்கொண்டே நாம் செய்தது சரிதான் என்று நானும் நினைத்தேன், நீயும் நினைத்திருப்பாய்.

உன் மேல் பழி போட இதை எழுதவில்லை. இந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவளே நான்தான். நீ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது என் தம்பி, உன் மாமா, விபத்தில் போய்விட்டான். உன்னை வண்டியில் உட்கார வைத்துக் காரைக்குடி முழுக்கச் சுற்றிக் காட்டியவன். பரீட்சை கெட்டுவிடும் என்று உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். மாமாவுக்கு வெளியூரில் வேலை என்று சொல்லி, உன்னைப் பக்கத்து வீட்டில் சாப்பிட வைத்துவிட்டு நாங்கள் போய் எரித்துவிட்டு வந்தோம். கடைசிப் பரீட்சை முடிந்து பேனாவை மேசையில் வைத்த பிறகுதான் சொன்னேன். நீ அழவில்லை. "நான் சிரிச்சுக்கிட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தப்போ நீங்க எல்லாரும் என்னையப் பாத்துக்கிட்டே இருந்தீகளா?" என்று கேட்டாய். மார்க் நன்றாக வந்தது, நீ பொறியாளராகிச் சிங்கப்பூருக்குப் போனாய், அதனால் நான் செய்தது சரியென்று ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவே இல்லை. அதே கேள்வியை இன்னொரு வாயால் கேட்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

மாசி மாதம் கீழச்சிவல்பட்டியிலிருந்து உன் அத்தை வீட்டுப் பையன் வந்தான். ஊர்த் திருவிழா, அப்பா கட்டாயம் வர வேண்டும், அத்தை சொல்லச் சொன்னது என்றான். கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து அத்தையும் அப்பாவும் பேச்சில்லாமல் இருந்தது உனக்குத் தெரியும். அத்தை தானாக இறங்கி வந்து ஆள் அனுப்பியது அதுதான் முதல் தடவை. அப்பா வேட்டியெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னார். அப்போது அவர் தெருமுனை வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். காரில் கூட்டிப் போயிருந்தால் நன்றாகப் போய் வந்திருப்பார். ஆனால் அத்தை வாய் உனக்குத் தெரியுமே. அவர் முகத்தைப் பார்த்ததும் "என்னடா இப்பிடிக் கருத்துப் போயிட்ட, என்ன வியாதி?" என்று கூட்டத்தில் கேட்டுவிடுவார், அதிலிருந்து ஒன்று ஒன்றாக வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். வெயில், கூட்டம், மாத்திரை நேரம் என்று சொல்லித் தடுத்தேன். அவர் விடவில்லை. கடைசியில், "அடுத்த வருசம் போவோம்ங்க. வீக்கம் வத்தட்டும்" என்றேன். "சரி, அடுத்த வருசம்" என்று வேட்டியைத் திருப்பி உள்ளே வைக்கச் சொன்னார். தம்பி, அவருக்கு அடுத்த வருடம் இல்லை என்று தெரிந்துகொண்டே அந்தச் சொல்லை என் வாயால் சொன்னேன். மதுரையில் தலையாட்டியதைக்கூட மன்னித்துக்கொள்வேன். இதை மன்னிக்க முடியவில்லை.

பங்குனியில் அவர் நடமாட்டம் குறைந்துவிட்டது. நாவல் பாதிக்கு வந்திருந்தது. கோமதிக்கு நோய் முற்றிக்கொண்டே போனதால் எனக்குச் சந்தேகம் வந்து, ஒரு நாள் உலையில் அரிசி வேகும்போது அடுப்படியில் நின்று நாளைக்கு வாசிக்க வேண்டியதை முன்கூட்டியே படித்துப் பார்த்தேன். கோமதி செத்துப்போகிறாள். கடைசியில் இல்லை, புத்தகத்தின் நடுவிலேயே. அதற்குப் பிறகு பாதிப் புத்தகம் சிவானந்தம் மட்டும். இந்த எழுத்தாளருக்கு என்ன வந்தது, கடைசியில் சாகடித்தால் போதாதா என்று ஆத்திரமாக வந்தது. மறுநாள் மதியம் நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். புது டாக்டர் ஒருவர் வந்தார், மருந்தை மாற்றினார், கோமதி தேறினாள், இரண்டு பேரும் ரயிலில் ராமேஸ்வரம் போனார்கள், கடலில் கால் நனைத்தார்கள். பக்கத்தைக்கூட இடையிடையே திருப்பினேன். "அவ்வளவுதாங்க கதை" என்று மூடினேன்.

அப்பா கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். நான் அடையாளம் வைத்திருந்த இடத்தில் விரலை விட்டு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "இன்னும் பாதி கெடக்கே, டீச்சர்."

"அது வேற கதைங்க. ரெண்டு கதையை ஒண்ணாப் போட்டிருக்காக."

"அப்பிடியா" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் கஞ்சி கொண்டுபோனேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். தம்ளரை வாங்கவில்லை. "கோமதி செத்துட்டா, இல்ல?" என்றார். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு நின்றேன். "கதையில ஒருத்தி செத்தா எனக்கென்ன புள்ள? எத்தன சாவப் பாத்திருக்கேன். போஸ்ட்டுல ஏறிச் செத்தவனைக் கீழ எறக்கினவன் நான். வயித்துல வீக்கம் உள்ளவன்கிட்ட அதை மறைக்கணும்னு உனக்கு என்ன வந்துச்சு?" நான் தம்ளரைக் கீழே வைத்தேன். "வீக்கம் இல்ல. எனக்கு என்னன்னு சொல்லு."

நான் கீழே உட்கார்ந்து சொன்னேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்பத் தெரியும்?" என்றார். மதுரையிலேயே என்றேன். "அவனுக்கு?" அவனுக்கும் தெரியும் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்டார்: "திருப்பத்தூர்ல நான் வடை தின்னப்போ, ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டேதான் பாத்துக்கிட்டு இருந்தீகளா?"

நீ அன்றைக்குப் பேனாவை வைத்துவிட்டுக் கேட்ட அதே கேள்வி. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அக்கா ஊருக்குப் போவோம்னேன். அடுத்த வருசம்னு சொன்னே. அப்ப எனக்குக் கால் இருந்துச்சு. நடக்க முடிஞ்ச நாளையெல்லாம் நீங்க ரெண்டு பேருமா எடுத்துக்கிட்டீக" என்றார். கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. பெரிய மனதோடு மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. என் கையால் மாத்திரை வாங்க மறுத்தார். கழிவறைக்குப் போக என் தோளைப் பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். அந்த மனிதர் பாவம், லுங்கியைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். நான் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் இல்லை, ஆனால் என் கை அவருக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது. உனக்குப் போன் செய்ய எடுத்தேன். எடுத்தபோதுதான் உறைத்தது, இனி அவரிடம் என்ன சொல்லலாம் என்று உன்னோடு கூடிப் பேசத்தான் மறுபடியும் போனை எடுக்கிறேன் என்று. வைத்துவிட்டேன். உனக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். நீ அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டபோது "அப்பா தூங்குறாக" என்றேன். அவர் தூங்கவில்லை. நான் சொன்ன கடைசிப் பொய் அது என்று வைத்துக்கொள்.

உன் அத்தைக்குப் போன் போட்டேன். என்ன நோய், எத்தனை நாளாகத் தெரியும், திருவிழாவுக்கு ஏன் வரவிடவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த நாள் வெயில் ஏறுவதற்குள் மகனின் காரில் வந்து இறங்கிவிட்டார். என்னைப் பார்த்து, "எங்குட்டுப் படுத்திருக்கான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நேராக உள்ளே போனார். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வாக்கா. எனக்கு இனிமே ரொம்ப நாள் இல்லையாம்" என்றார்.

"கேள்விப்பட்டேன். இந்தப் படுக்கையில கெடக்கத்தான் தண்ணிக்குச் சண்டை போட்டியா?"

"நீதான போட்டே. என் முறையில நீ மோட்டாரைப் போட்டே."

"நான் போட்டனா? அன்னைக்கு நெல்லு கருகிக் கெடந்துச்சுடா." அதிலிருந்து ஆரம்பித்து இரண்டு பேரும் அந்தக் கிணற்றுச் சண்டையை முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு தடவை போட்டார்கள். நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். அத்தை அவர் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டபடியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் வந்ததும் சோற்றைக் குழைத்து ஊட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். ஊருக்குத் திரும்புகிறேன் என்று அத்தை சொல்லவே இல்லை. மாற்றுச் சேலை கொண்டுவரச் சொல்லி மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பாவைத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகாமல் வைத்த என்னிடம் அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கா இருந்தாலும் சொல்ல வாய் வந்திருக்காது. ஆனா நீ செஞ்சது தப்புத்தான்" என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது. தப்பில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அத்தை வந்த பிறகு ஒரு மதியம், அப்பா என்னைப் பார்க்காமலே, "டீச்சர், அந்தப் புஸ்தகத்தை எடு" என்றார். எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நீ விட்ட எடத்துல இருந்து வாசி. உன் கதை வேணாம், அவுக எழுதுனதை வாசி." கோமதி சாகும் அத்தியாயத்தை வாசித்தேன். சிவானந்தம் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அணைக்கப் போகிறார், திரும்பி வரும்போது அவள் இல்லை. அவ்வளவுதான். பெரிய வசனம் எதுவும் கிடையாது. எனக்கு வரி தெரியவில்லை, கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன். அப்பா, "இதுக்கா ராமேஸ்வரம் கூட்டிப் போனே?" என்றார். அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னிடம் பேசியிருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது.

நான் புத்தகத்தை மூடப் போனேன். "ஏன் மூடுறே? செத்தவ கதை முடிஞ்சுபோச்சு. இருக்கறவன் என்ன பண்ணுனான்னு வாசி. எனக்கு அதுதான் தெரியணும்" என்றார்.

தம்பி, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குச் சாவைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. அவர் போன பிறகு நான் எப்படி இருப்பேன் என்பதைத்தான் அவர் அந்த நாவலில் தேடினார். அதை நான் மூடி வைத்துவிட்டு, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மீதிப் பாதியைத் தினமும் வாசிக்கிறோம். என்னுடைய அபிப்பிராயம் கேட்டால், முதல் பாதியை விட இதுதான் உண்மையாக இருக்கிறது. சிவானந்தம் இரண்டு பேருக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டு முழிக்கிறார். தன்னை விட்டுப் போனதற்காகக் கோமதி மேல் கோபப்படுகிறார், அவள் சேலைகளைத் தூக்கி எறிகிறார், பிறகு போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறார். கோபமே வராத மனிதர் என்று நான் குறை சொன்னேனே, எழுத்தாளர் அதை இதற்காக வைத்திருந்திருக்கிறார். அவசரப்பட்டுவிட்டேன்.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் அப்பா நிறுத்தி எனக்கு ஏதாவது சொல்கிறார். சிவானந்தம் மகன் வீட்டுக்குப் போய் இருக்க முடியாமல் திரும்பி வரும் இடத்தில், "நீயும் அவன் வீட்டுக்கு ஒரேயடியாப் போகாத. போய்ட்டுப் போய்ட்டு வா. உனக்கு அந்த ஊரு லிஃப்ட்டே ஒத்துக்காது" என்றார். வீட்டில் விளக்கு எரியாமல் சிவானந்தம் இருட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிலைப் பிடித்துச் சுவிட்ச் போர்டு பக்கம் திருப்பச் சொன்னார். மெயினை அணைக்கச் சொல்லி, ஃபியூஸைக் கழற்ற வைத்து, கம்பி எப்படிச் சுற்ற வேண்டும் என்று படுத்தபடியே சொல்லிக் கொடுத்தார். நான் பயந்து பயந்து செய்தேன். விளக்கு எரிந்தது. "இத்தன வருசம் லைன் இன்ஸ்பெக்டர் வீட்டுல இருந்துக்கிட்டு ஃபியூஸ் போடத் தெரியல, கேவலம்" என்றார். இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போகிறார். வலி கூடியிருக்கிறது. மாத்திரை எதற்கு, இதைப் போட்டால் எவ்வளவு நேரம் தூங்குவேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்கிறார். எனக்கு மனம் லேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் எடுத்துக்கொண்ட நாட்கள் திரும்பி வரவில்லை. அத்தை ஊர்க் கோவில் வாசலில் அவர் போய் நிற்கவில்லை. அதை நான் போகும் வரை வைத்திருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் உன்னைப் பெற்றவள் என்பதால் சொல்கிறேன். நாளைக்கு உன் மனைவிக்கோ உன் பிள்ளைக்கோ தெரிய வேண்டிய ஒன்று உன் கையில் இருந்தால், அவர்களுக்கு நல்லது என்று நீயே முடிவு செய்துகொண்டு பூட்டி வைக்காதே. நல்லது என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி நம்முடைய பயம். என்னுடையதில் முக்கால்வாசி.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குச் சொல்லட்டுமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். "சொல்லு. ஆனா போன்ல என்கிட்ட அழ வேணாம்னு சொல்லு. வந்து என் மூஞ்சியப் பாத்து அவன் வாயால சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனாலும் அவன் சொல்லணும்" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று நீ யோசிப்பாய். கோபம் இருக்கிறது. அதை ஒளித்து எழுத மாட்டேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு எத்தனை மணிக்கு விமானம் வருகிறது, அங்கிருந்து காரைக்குடிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அத்தையிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

லீவு பார்த்து வரலாம் என்று இருக்காதே, கிளம்பு. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வராதே. உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார். அதற்கு மேல் உனக்கு வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, அவரே ஆரம்பித்து வைப்பார்.

அம்மா